முனிர்காப் பள்ளத்து ஆந்தைகள்

அம்சவேணியின் புருஷன் இராஜமாணிக்கம் ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்தான். குடியாத்தத்துக்காரன். தில்லி கண்டோன்மெண்டில் குடும்பத்தோடு இருக்க வீடு கிடைத்த கையோடு பெண்டாட்டியையும் தன் அம்மா தாயம்மாளையும் அழைத்து வந்து வைத்துவிட்டு, அடுத்த வருஷமே ஜம்முவுக்கு மாற்றலாகிப் போனான். அங்கே மலைப்பாதையில் லாரி உருண்டு செத்துப்போனான். எழுபத்தோராம் வருஷத்துச் சண்டை முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. சண்டையில் போயிருந்தால் ஒரு பதக்கமாவது வந்திருக்கும் என்று தாயம்மாள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ராணுவ வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். ஊருக்குத் திரும்பினால் கொழுந்தன்மார் வீடுகளுக்கு நடுவே பந்தாக உருள வேண்டியிருக்கும் என்பது மாமியார் மருமகள் இருவருக்குமே தெரிந்திருந்தது. முனிர்கா கிராமத்தில் ஒரு சௌத்ரி வீட்டில், எருமைக் கொட்டகைக்கு மேலே ஓர் அறை பிடித்துக்கொண்டார்கள்.

அப்போது ஒரு ஹிந்திப் பத்திரிகைக்காரர் வந்தார். நல்ல மனிதர். இரண்டு விதவைகளையும் சுவரோரம் நிற்க வைத்துப் படம் எடுத்து, அவர்கள் நிலைமையை எழுதி, உதவ விரும்புகிறவர்களுக்காக விலாசத்தையும் கீழே போட்டார். முதலில் கம்பளியும் கோதுமை மாவும் வந்தன. பிறகு வேலை வாங்கித் தருவதாக ஒருவன் வந்து, அம்சவேணியை மட்டும் தனியாக வரச் சொன்னான். இன்னொருவன் எதுவும் கொண்டுவராமல், எதுவும் சொல்லாமல், சாயங்காலமானால் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றான். தாயம்மாள் அரிவாள்மனையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு கதவுக்குக் குறுக்கே படுத்தாள். கடைசியில் அந்த அறையை விட்டுவிட்டு, கிராமத்தின் மறுகோடியில், மலைக் கரட்டை ஒட்டிய வீட்டுக்குப் போனார்கள். போன இடத்தை யாரிடமும் சொல்லவில்லை.

முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்களுக்கான ஒதுக்கீட்டில் அவளுக்கு வேலை கிடைத்தது. நகரத் திட்ட அலுவலகம் ஒன்றில் டிரேஸர். அதிகாரிகள் பென்சிலில் போட்டுத் தருகிற வரைபடத்தின் மேல் டிரேஸிங் தாளை விரித்து, இந்தியா இங்க்கில் அதை அப்படியே படியெடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் தையல் படித்தவள். ரவிக்கை அளவெடுத்துத் தாள் வெட்டிப் பழகிய கை. கோடு நடுங்காமல் வந்தது. ஆங்கில எழுத்துகளை அச்சு மாதிரி எழுதக் கற்றுக்கொண்டாள். தப்பு வந்தால் அரை பிளேடை வைத்து, தாள் கிழியாமல் மசியை மட்டும் சுரண்டி எடுக்கவும் கற்றுக்கொண்டாள். வருஷங்கள் அப்படியே ஓடின. தில்லி தெற்கே நீண்டுகொண்டே போனது. கோதுமை வயல்களும் முள்ளுக்காடுகளும் அவள் பேனா நுனியில் செக்டார்களாகவும் பிளாக்குகளாகவும் மாறின. அவள் அதைப் பற்றி ஒன்றும் நினைத்ததில்லை. சம்பளம் முதல் தேதி வந்தது.

புது வீட்டிலிருந்து பஸ் பிடிக்கப் போகக் குறுக்கு வழி ஒன்று இருந்தது. எந்தக் காலத்திலோ கல் உடைத்து எடுத்துவிட்டுப் போட்டுப்போன பெரிய பள்ளம். ஜனங்கள் அதைக் கதான் என்பார்கள். சுற்றிலும் கீக்கர் என்கிற கருவேல முள். பாறை இடுக்குகளில் தௌ என்று அங்கே சொல்கிற காட்டு மரங்கள். பகலில் மயில் நடக்கும், ஆடு மேயும். இருட்டத் தொடங்கும் நேரத்தில் பள்ளத்தின் செங்குத்தான பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும். அடிவயிற்றிலிருந்து எழும்புகிற கனத்த குரல். இரண்டு தரம் ஒலித்து நிற்கும். கொஞ்சம் தள்ளி இன்னொன்று பதில் சொல்லும்.

"எம் புள்ள சாவற அன்னிக்கும் இப்டிதான் ஒண்ணு கூரை மேல ஒக்காந்துக்கினு கத்துச்சு," என்று தாயம்மாள் காதைப் பொத்திக்கொள்வாள். "இந்த வூடு வாணாம்டி. வேற பாரு."

"வேற எங்க அத்தை போவறது. அது பாட்டுக்கு அது கத்துது."

அம்சவேணிக்கும் முதலில் பயம்தான். பிறகு ஒரு மாசி மாதத்துச் சாயங்காலம், பஸ் இறங்கிக் குறுக்கு வழியில் வரும்போது அதைப் பார்த்தாள். பாறைத் திட்டில், பாறை நிறத்திலேயே, ஒரு சின்னப் பிள்ளை உயரத்துக்கு உட்கார்ந்திருந்தது. காது போல இரண்டு கொம்பு. ஆரஞ்சு நிறக் கண்கள் அவளைப் பார்த்தபடியே இருந்தன. பறந்து போகவில்லை. பக்கத்தில், மண்ணில் தோண்டின பள்ளம் மாதிரி ஓர் இடத்தில், அழுக்குப் பஞ்சு மூட்டைகளாக இரண்டு குஞ்சுகள். அவளும் நின்றாள். அவளைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் அந்தக் காலத்தில் எதையாவது எதிர்பார்த்தே பார்த்தார்கள். இது சும்மா பார்த்தது. மறுநாளும் அதே இடத்தில் நின்றாள். அதன் பிறகு சாயங்காலங்களில் அங்கே கொஞ்ச நேரம் நிற்பது வழக்கமாகிவிட்டது. குஞ்சுகள் வளர்ந்து பறந்து போயின. பெரிய இரண்டும் அங்கேயே இருந்தன. அடுத்த மாசியில் மறுபடியும் முட்டை வைத்தன. தாயம்மாளிடம் அவள் இதைச் சொல்லவில்லை.

அலுவலகத்தில் வெங்கடராமன் என்றொரு அதிகாரி. கோல் மார்க்கெட் சர்க்கார் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர், அப்பாவும் செக்ரடேரியட். பறவை பார்க்கிற பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு ரிட்ஜ் காடு முழுக்கச் சுற்றுவார். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் யாரிடமோ ஆந்தைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அம்சவேணி வாய் தவறிப் பள்ளத்தைப் பற்றிச் சொல்லிவிட்டாள்.

அவர் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டார். "கொம்பு இருக்கா? ஆரஞ்சு கண்ணா? ஜோடியா?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து பார்த்தார். பார்த்துவிட்டு வெகுநேரம் பாறை மேல் உட்கார்ந்திருந்தார். "கொம்பன் ஆந்தை, அம்சவேணி. ஊருக்கு இவ்வளவு கிட்டக்க இதுகள் குஞ்சு பொரிச்சு நான் பார்த்ததே இல்லை. நீங்க பாக்கியசாலி."

அவளை அப்படி யாரும் அதற்கு முன் சொன்னதில்லை.

எண்பதாம் வருஷம் வந்தது. ஏஷியாட் போட்டிகளுக்காக ஊர் முழுக்கக் கடப்பாறைச் சத்தம். மேம்பாலம், ஸ்டேடியம், ஹோட்டல் என்று அலுவலகத்தில் படங்கள் மலையாகக் குவிந்தன. அந்தக் குவியலில் ஒரு நாள் முனிர்காவுக்குப் பின்னால் உள்ள கரடும் வந்தது. பள்ளத்தை மூடி மட்டம் செய்து அடுக்குமாடி வீடுகள். நடுவே ஒரு சாலை. பசுமைப் பகுதி என்று இருந்ததை வீட்டுப் பகுதி என்று மாற்ற வேண்டும். அப்படி மாற்றுவதற்கு முன், படத்தைப் பொது இடத்தில் மாட்டி ஜனங்களின் ஆட்சேபணை கேட்க வேண்டும் என்பது விதி.

வெங்கடராமன் துள்ளி எழுந்துவிட்டார். எதிர்த்து ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினார். பள்ளத்தையும் சுற்றியுள்ள தௌ மரங்களையும் விட்டுவிட்டு, வீடுகளைக் கிழக்கே தள்ளிக் கட்டலாம் என்று மாற்றுப் படமே போட்டார். பெரிய அதிகாரி மகாதேவன் அதையும் கூடவே மாட்டச் சம்மதித்தார். ஏஷியாட் அவசரத்தில் யாருக்கும் வாதாட நேரமில்லை.

மாற்றுப் படம் டிரேஸிங்குக்கு அம்சவேணியின் மேஜைக்கு வந்தது. பென்சிலில் பள்ளத்தின் வடக்குப் பக்கம் ஒரு சின்னப் புள்ளி. அதற்கு ஓர் அம்பு. பக்கத்தில் கூடு இருக்கும் இடம், இன்ன பறவை என்ற விவரம். பாறைத் திட்டுக்கு ஏறிப் போகிற ஒற்றையடிப் பாதையைக்கூட அவர் போட்டிருந்தார்.

அவள் படத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

"சார், இந்தப் புள்ளி வேணுமா?"

"ஏன், இடம் தப்பாப் போட்டுட்டேனா?"

"இல்ல சார். சரியாதான் இருக்கு. அதான் கேக்கறேன். எல்லாரும் பாக்கற இடத்துல மாட்டப் போறாங்க. யாரு வேணா வந்து பாப்பாங்க."

"பார்க்கட்டும். பார்த்தாத்தான் காப்பாத்தணும்னு தோணும்." அவர் நாற்காலியைக் காட்டினார்; அவள் உட்காரவில்லை. "இங்க பாருங்கோ. பறவை இருக்கு பறவை இருக்குன்னு பொதுவா எழுதினா, கமிட்டியில சிரிப்பா. எங்கே இருக்குன்னு கேப்பா. விரலை வெச்சுக் காட்டணும். நமக்கு இருக்கிற ஒரே ஆதாரம் அந்தப் புள்ளிதான்."

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. பத்திரிகையில் விலாசம் வந்த கதையை அவரிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். ஆந்தைக்கும் தனக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிப்பாரோ என்னவோ. அதை ஓர் ஆண்பிள்ளையிடம் எப்படிச் சொல்லத் தொடங்குவது என்றும் தெரியவில்லை. திரும்பி வந்து இங்க் போட ஆரம்பித்தாள். மரங்கள், பாறை, பாதை, எல்லாம் முடிந்து கடைசியில் புள்ளி. அழகாக வந்தது. காய்ந்த பிறகு பிளேடை எடுத்து அதன் மேல் வைத்துப் பார்த்தாள். இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். அறைக் கதவு வழியே வெங்கடராமன் போனில் உற்சாகமாகப் பேசுவது கேட்டது. பிளேடைக் கீழே வைத்துவிட்டாள்.

படம் கூடத்தில் மாட்டப்பட்டது. வெங்கடராமனுக்கு ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் சிநேகிதர் இருந்தார். அவர் அதைப் பெரிதாக எழுதினார். தலைநகரின் நடுவே ராஜ ஆந்தை என்கிற மாதிரி தலைப்பு. கீழே அம்சவேணி வரைந்த படத்தின் சின்னப் பிரதி. ஹிந்திப் பத்திரிகைகளும் எடுத்துப் போட்டன. பல்கலைக்கழக மாணவர்கள் வந்தார்கள். தூதரகக்காரர்கள் சிலர் சாணக்யபுரியிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து, பள்ளத்தின் விளிம்பில் நின்று போட்டோ எடுத்தார்கள். ஆட்சேபணைக் கடிதங்கள் வந்து குவிந்தன. வெங்கடராமன் நடையே மாறிவிட்டது. மகாதேவன்கூட, ஆந்தையை ஹிந்தியில் சொல்லி, "பரவாயில்லையே, உங்க உல்லுவுக்கு இவ்வளவு சிபாரிசா," என்று கேட்டார்.

ஆந்தைகள் பள்ளத்தின் இன்னும் உட்புறமான இடுக்குக்குப் போயின. சாயங்காலம் அம்சவேணி போனால் யாராவது நாலு பேர் நின்றிருப்பார்கள். அவள் நிற்காமல் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

புரட்டாசி முடிந்து குளிர் தொடங்கியது. தீபாவளிக்கு முந்தின வாரம், பள்ளத்தில் வேறு மாதிரி ஆட்களைப் பார்த்தாள். பைனாகுலர் இல்லை. தோளில் சுருட்டிய வலை. ஒருவன் கையில் சாக்குப்பை. அதற்குள் ஏதோ கீச்சென்றது. அவளைப் பார்த்ததும் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு முள்ளு வெட்ட வந்தவர்கள் போல நின்றார்கள். அவள் இந்த வீட்டுக்குச் சொந்தக்காரரான சௌத்ரியிடம் ஓடினாள். அவர் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "மகளே, ஓர் உல்லுவுக்காக நான் லத்தி எடுத்துக்கொண்டு போகவா?" என்று ஹிந்தியில் கேட்டுச் சிரித்தார். அலுவலகத்துக்குப் போன் செய்ய வழியில்லை. வெங்கடராமன் வீட்டில் போனும் இல்லை. அவள் திரும்பிப் போய், பள்ளத்தின் விளிம்பில் நின்று கையில் கிடைத்த கல்லை விட்டெறிந்தாள். ஆந்தைகளைக் கிளப்பிவிட்டால் போதும் என்று நினைத்தாள். ஒருவன் மேலே ஏறி வந்து அவள் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு, இருட்டப் போகிறது, தனியாக நிற்காதே, வீடு எங்கே, கொண்டுவந்து விடட்டுமா என்று கேட்டான்.

அவள் வீட்டுக்கு வந்து தாழ்ப்பாள் போட்டாள். அன்றைக்குக் குரல் கேட்கவில்லை.

காலையில் போய்ப் பார்த்தாள். பாறைத் திட்டில் சிறகுகள் கிடந்தன. பெரிய பழுப்புச் சிறகுகள், சில வேரோடு பிடுங்கப்பட்டு ரத்தம் ஒட்டியிருந்தன. வலைத் துண்டு ஒன்று தௌ மரத்தில் மாட்டியிருந்தது. ஒரு கட்டையில் காலைக் கட்டிய எலி, செத்துப்போய், எறும்பு மொய்த்துக் கிடந்தது.

தீபாவளி சமயத்தில் மந்திரக்காரர்கள் ஆந்தை வாங்குவார்கள் என்று வெங்கடராமன் கேள்விப்பட்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டதுமே அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டு, அவளையும் அழைத்துக்கொண்டு பழைய தில்லிக்குப் போனார். பறவை விற்கிற சந்தில் கூண்டுகளுக்கு நடுவே தேடினார்கள். கிளி, காடை, புறா. ஆந்தை என்று கேட்டால் கையை விரித்தார்கள். கடைசியில் ஒரு கிழவர், இவர்களை வாங்க வந்தவர்கள் என்று எண்ணி, குரலைத் தாழ்த்தி, "காதுள்ளதா, காதில்லாததா?" என்று கேட்டார். உள்ளே அழைத்துப் போய், சாக்குப் போட்டு மூடிய மூங்கில் கூடையைத் திறந்தார்.

ஒன்றுதான் இருந்தது. இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். ஒரு கால் முறுக்கிக்கொண்டிருந்தது. இமைகளை நூலால் தைத்திருந்தார்கள். ஆனாலும் வெளிச்சம் பட்டதும் தலையைத் திருப்பியது.

"மற்றது எங்கே?" என்று வெங்கடராமன் கேட்டார்.

"போய்விட்டது பாபுஜி. நேற்று ராத்திரியே பூஜைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இதுவும் சொல்லி வைத்ததுதான். நீங்கள் கூடக் கொடுத்தால் பார்க்கலாம். அசல் முனிர்கா சரக்கு." கிழவர் பெருமையாகத் தலையை ஆட்டினார். "பத்திரிகையில்கூட வந்ததே. பையன்கள் படத்தை வைத்துக்கொண்டுதான் போனார்கள்."

வெங்கடராமன் கத்த ஆரம்பித்தார். சட்டம், ஜெயில், போலீஸ் என்று ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் கத்தினார். கூட்டம் சேர்ந்தது. கிழவர் கூடையை மூடினார். யாரோ வெங்கடராமனின் மார்பில் கை வைத்துத் தள்ளினார்கள்; கண்ணாடி கீழே விழுந்தது. அம்சவேணி அதைப் பொறுக்கிக்கொண்டு அவரை இழுத்து வந்தாள். போலீஸ் நிலையத்தில் வெகுநேரம் காத்திருந்து, கான்ஸ்டபிள் ஒருவரை அழைத்துக்கொண்டு திரும்பியபோது அங்கே கூடை இல்லை. கிழவரும் இல்லை. கூடை இருந்த இடத்தில் ஒரு பையன் பச்சைக்கிளிகளுக்கு மிளகாய் கொடுத்துக்கொண்டிருந்தான்.

திரும்பும் பஸ்ஸில் வெங்கடராமன் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார். இறங்கும்போது, "நீங்க கேட்டேள்," என்றார். "அன்னிக்கு வந்து கேட்டேள்."

கேட்டதும் அவள்தான், போட்டதும் அவள்தான். அவருக்கு ஆறுதல் சொல்கிற நிலையில் அவள் இல்லை.

வீட்டில் தாயம்மாள் தீபாவளிக்கு எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நல்லதாப் போச்சு. இன்னிமேலாவது நிம்மதியாத் தூங்கலாம்," என்றாள். அம்சவேணி பண்டிகை முடியும் வரை மாமியாரோடு பேசவில்லை. தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தாயம்மாளுக்கு விளங்கவே இல்லை.

மார்கழிக் குளிரில், ஆட்சேபணைகளை விசாரிக்கிற கமிட்டி இடத்தைப் பார்வையிட வந்தது. ஜீப்பிலிருந்து இறங்கினவர்கள் பள்ளத்தைச் சுற்றி நடந்தார்கள். தலைவராக வந்தவர் மரியாதைக்காரர்; பறவை எங்கே என்று பொறுமையாகத்தான் கேட்டார். வெங்கடராமன் நடந்ததைச் சொன்னார். "ரொம்ப வருத்தமான விஷயம்," என்றார் அவர் உண்மையாகவே. "ஆனால் இப்போது இங்கே ஒன்றும் இல்லை, அல்லவா?" தௌ மரங்களைப் பற்றி வெங்கடராமன் பேசத் தொடங்கினார். மரம் எங்கேயும்தான் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். ஜீப் மேல் அவர்களுக்காக ஊற்றி வைத்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

முதல் படமே நிலைத்தது. கோப்பில் வைப்பதற்காக, மாற்றுப் படத்தின் மூல டிரேஸிங்கில் இருந்த ஆந்தைக் குறிப்புகளை நீக்கித் தரும்படி மகாதேவன் அம்சவேணியிடம் அனுப்பினார். அரை பிளேடை எடுத்து எழுத்துகளைச் சுரண்டினாள்; அம்பைச் சுரண்டினாள்; கடைசியில் புள்ளியை. தாளில் லேசாகப் பிசிறு விட்டிருந்த இடத்தை நகத்தால் தேய்த்துச் சமப்படுத்தினாள். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். வேலை செய்கிற இடத்தில் அவள் அழுதது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த கோடையில் பள்ளத்தை மூடினார்கள். ஊரெல்லாம் இடித்த குப்பை லாரி லாரியாக வந்து கொட்டியது. பள்ளத்தில் இருந்த நரிகள் சில நாள் முனிர்காச் சந்துகளில் அலைந்தன. நாய்கள் கடித்துக் கொன்றன.

நாலைந்து வருஷம் கழித்து, மெஹ்ரோலிக்குத் தெற்கே இன்னொரு கரடு படத்துக்கு வந்தது. அங்கே வெங்கடராமன் குக்குலுச் செடிகளைக் கண்டுபிடித்திருந்தார். முள்ளும் முடிச்சுமாகக் குட்டையாக வளர்கிற செடி. பட்டையைக் கீறினால் பிசின் வடியும். வைத்தியத்துக்கும் பூஜைப் புகைக்கும் அதற்குக் கிராக்கி. கண்டபடி கீறினால் செடி பட்டுப்போகும். அப்படியே மற்ற இடங்களில் எல்லாம் அழிந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை பத்திரிகைக்கு ஒன்றும் சொல்லப் போவதில்லை என்றார் அவர். ஆனால் படத்தில் காட்டித்தான் ஆக வேண்டும். காட்டாவிட்டால் ஆட்சேபணை எதன் மேல் நிற்கும்?

படம் அம்சவேணியிடம் வந்தது. அவள் எல்லாவற்றையும் படியெடுத்தாள், செடிகள் இருக்கும் இடத்தைத் தவிர. அந்த இடத்தில் வெறும் பாறைக்கான கோடுகளைப் போட்டாள். சரிபார்க்கிறவர் கவனிக்கவில்லை. படம் கூடத்தில் மாட்டின பிறகுதான் வெங்கடராமன் பார்த்தார்.

"மறந்துட்டேளா?"

"மறக்கல சார்."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "அம்சவேணி, இது ஆந்தை இல்லை. இதை மறைச்சா, அங்கே ஒண்ணுமே இல்லைன்னு ஆயிடும். புல்டோசர் நேரா மேல ஏறிடும்."

"காட்டினா அதுக்கு முன்னாடியே கத்தி எடுத்துக்கினு வந்துடுவாங்க சார். வெட்டறவன் வர்ற வரைக்குமாவது அது நிம்மதியா இருக்கட்டும்."

"அதை முடிவு பண்ண நீங்க யாரு?"

"யாரும் இல்ல சார். இன்னொரு தரம் என் கையால போட மாட்டேன். அவ்ளோதான்."

அவர் புகார் செய்யவில்லை. ஆனால் படத்தைத் திருத்தக் கேட்டு எழுதியபோது விஷயம் மகாதேவனுக்குப் போயிற்று. விளக்கம் கேட்டு மெமோ வந்தது. வேண்டுமென்றே விட்டேன் என்று எழுதிக் கொடுத்தாள். மறதி என்று எழுதச் சொல்லி மகாதேவனே ஆள் அனுப்பினார், அவள் கேட்கவில்லை. பதவி உயர்வு நின்றது. டிரேஸிங் மேஜையிலிருந்து எடுத்து, அமோனியாவில் படங்களைப் பிரதி எடுக்கிற ஜன்னலில்லாத அறைக்கு மாற்றினார்கள். இந்தக் குழப்பத்தில் ஆட்சேபணைக்கான கெடு முடிந்துவிட்டது. திருத்தின படத்தை மாட்டவே இல்லை. வெங்கடராமன் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். மாற்றல் வாங்கிக்கொண்டு பெங்களூர் போகும்போதும் சொல்லிக்கொள்ளவில்லை.

வேலை தொடங்கின பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஏறி அவள் அந்தக் கரட்டுக்குப் போனாள். முள்வேலி போட்டிருந்தார்கள். கல் உடைக்கிற கூலிகளின் கூடாரங்கள் வரிசையாக இருந்தன. பாதிப்பேர் சேலத்துப் பக்கத்துத் தமிழர்கள். சாயங்காலச் சமையல் நேரம். வேலியை நெருங்கும்போதே அவளுக்கு மணம் வந்தது. கோயில் கர்ப்பக்கிரகத்துப் புகை போன்ற மணம், கூடாரத்துக்குக் கூடாரம். அடுப்புகளில் முள்ளும் முடிச்சுமான விறகு பிசின் பொங்கிப் பொங்கி எரிந்துகொண்டிருந்தது.

ஓர் அடுப்புக்கு முன் உட்கார்ந்திருந்த பெண், தமிழ்ப் புடவைக்கட்டைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள். பெயர் வீராயி என்றாள்.

"இந்த வெறகு எங்க வெட்டினது?" என்று அம்சவேணி கேட்டாள்.

"வெட்டறதா? மிசினு புடுங்கிப் போட்டது, அக்கா. மலையாட்டம் கெடந்துச்சு. நாங்க அள்ளியாந்தோம்." வீராயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொக சாஸ்தி. ஆனா நல்லா மணக்குதுல்ல. ரொட்டியில கூட ஏறுது. புள்ளைங்க திங்கவே மாட்டேங்குதுக."

"இன்னும் கெடக்கா?"

"எங்க. இதாங்கா கடைசி."

அம்சவேணி கொஞ்ச நேரம் அந்த அடுப்பருகே உட்கார்ந்திருந்தாள். கத்தி வைத்தவன் எவனும் வந்திருக்கவில்லை. அவள் நினைத்தது அந்த மட்டுக்கும் நடந்திருந்தது. வெங்கடராமன் சொன்னதும் நடந்திருந்தது. தான் புள்ளியைப் போட்டிருந்தால் ஒரு மூலையாவது மிஞ்சியிருக்குமா என்று அன்றைக்கும் அதற்குப் பிறகும் அவள் எத்தனையோ தரம் யோசித்தாள். முடிவுக்கு வர முடியவில்லை. வீராயி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, கடைசி பஸ் போய்விடும் என்று எழுந்தாள்.

தாயம்மாள் எண்பத்தாறில் போய்ச் சேர்ந்தாள். அமோனியா அறையில் அம்சவேணிக்கு இருமல் பிடித்தது. கண் எரிச்சல் நிரந்தரமானது. சப்தர்ஜங் ஆஸ்பத்திரி டாக்டர் வேறு வேலை கேட்டு வாங்கச் சொல்லி எழுதித் தந்தார். அவள் அதை யாரிடமும் காட்டாமல் பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் வழக்கம் போல அறைக்குப் போய் விளக்கைப் போட்டாள். முந்தின நாள் வந்த படங்கள் சுருள் சுருளாக மேஜை மேல் கிடந்தன.